பிளேடு வாங்கும் முன் பல்லை எண்ணுங்கள்
பேண்ட்சாவில் (வளையமாகச் சுற்றும் பிளேடு உள்ள அறுக்கும் இயந்திரம்) இரும்பு அறுக்கும்போது, எந்த நேரத்திலும் குறைந்தது 3 பற்களாவது உலோகத்துக்குள் இருக்கும்படி பிளேடைத் தேர்ந்தெடுங்கள். 6 மி.மீ. தகட்டுக்கு அங்குலத்துக்கு 14 பல் உள்ளது சரி. பற்கள் அதைவிடத் தள்ளித் தள்ளி இருந்தால், தகட்டின் விளிம்பு இரண்டு பல்லுக்கு நடுவே மாட்டிக்கொண்டு பல்லைப் பெயர்த்துவிடும். புது பிளேடு கொஞ்ச நேரத்தில் பொக்கை. குழாய் என்றால் விட்டத்தைப் பார்க்காதீர்கள், சுவரின் தடிமன்தான் கணக்கு. பலரும் சறுக்குவது இங்கேதான்.

அப்புறம், தடித்த மரத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே பற்கள் நெருக்கமாக இருந்தால் இடுக்கில் மரத்தூள் அடைத்துக்கொண்டு, பிளேடு சூடாகி மரம் கருகும். 6 அங்குலக் கட்டையை நீளவாக்கில் பிளக்க அங்குலத்துக்கு 3 பல்லே போதும்.