வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்கு ஓராண்டு அடிப்படைக் கணினிப் பாடத்தைத் திட்டமிடுவது எப்படி?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைத்து, என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவைக்கும் பெற்றோருக்குக் கணிதமும் அறிவியலும் பெரிய சிக்கலாக இருப்பதில்லை. பாடநூல் கையில் இருக்கிறது. அதை வாரங்களாகப் பிரித்துக்கொண்டால் போதும். கணினியைத்தான் நாம் பலரும், கைபேசியோடு வளர்ந்த பிள்ளைக்கு அது தானாக வந்துவிடும் என்று நம்பி, திட்டமே இல்லாமல் விட்டுவிடுகிறோம். என் மகளுக்கு 14 வயதானபோது நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கைபேசியில் காணொளியை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்க்கத் தெரிந்த அவள், முந்தைய நாள் மடிக்கணினியில் தட்டச்சு செய்த கட்டுரை எங்கே சேமிக்கப்பட்டது என்று தெரியாமல் அரை மணி நேரம் தேடியதைப் பார்த்த பிறகே, இதற்கும் முறையான பாடம் வேண்டும் என்று உணர்ந்தேன்.

திட்டமிடும்போது மென்பொருளின் பெயர்களிலிருந்து தொடங்காதீர்கள். முதல் மாதம் வேர்டு, இரண்டாம் மாதம் எக்செல், மூன்றாம் மாதம் பவர்பாயின்ட் என்று பிரித்தால், பிள்ளை பட்டன்களை மனப்பாடம் செய்யும். அடுத்த பதிப்பில் அந்தப் பட்டன்கள் இடம் மாறினால் திகைத்து நிற்கும். அதற்குப் பதிலாக, வீட்டுக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஐந்தாறு வேலைகளை எழுதி, ஒவ்வொன்றும் முடிந்து வெளியே போகும் பொருளாக இருக்கும்படி பாடத்தை அமையுங்கள். தவறாகச் செய்தால் வீட்டில் யாருக்காவது அது தெரியவர வேண்டும் என்பதே நான் வைத்துக்கொண்ட அளவுகோல்.

வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், 30 வாரங்கள் என்று வைத்தால் மொத்தம் 90 மணி நேரம் கிடைக்கும். அடிப்படைக்கு இது போதும். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஓரளவு நல்ல நிலையில் உள்ள பழைய மடிக்கணினியும், கடிதம், விரிதாள், படவில்லை செய்ய இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் மென்பொருளும், காப்புநகல் எடுக்க ஒரு பென் டிரைவும் இருந்தால் தொடங்கிவிடலாம். கைபேசியிலேயே முழுப் பாடத்தையும் நடத்த மட்டும் முயலாதீர்கள், ஏனெனில் கோப்பு எங்கே இருக்கிறது என்பதைக் கைபேசி பெரும்பாலும் மறைத்தே வைக்கிறது.

முதல் நான்கு வாரங்களைக் கோப்புகளுக்கும் கோப்புறைகளுக்கும் கொடுங்கள். பெயரிடுதல், நகர்த்துதல், நகலெடுத்தல், அழித்ததை மீட்டல், பென் டிரைவில் காப்புநகல் எடுத்தல் ஆகியவை அலுப்பூட்டும் வேலைகளாகத் தோன்றினாலும் மற்ற எல்லாமே இவற்றின் மேல்தான் நிற்கின்றன. இங்கே ஒரு சின்னச் சோதனையைச் செய்து பாருங்கள். விண்டோஸில் உள்ள நோட்பேடில் 'அம்மா' என்று மட்டும் தட்டி, என்டர் அழுத்தாமல் சேமித்து, அந்தக் கோப்பின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போதைய விண்டோஸ் பதிப்புகளில் 15 பைட் (சேமிப்பை அளக்கும் சிறிய அலகு) என்று காட்டும். அதே சொல்லை ஆங்கில எழுத்துகளில் தட்டினால் 4 பைட்தான். கண்ணுக்கு மூன்றே எழுத்தாகத் தெரியும் 'அம்மா' கணினிக்குள் அகரம், மகரம், புள்ளி, மீண்டும் மகரம், துணைக்கால் என ஐந்து குறிகளாக இருக்கிறது, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடை, அந்த எண்களைப் பைட்டுகளாக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. எழுத்து என்பது கணினிக்கு எண்தான் என்பதை இதைவிட எளிதாக விளக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் வடிவங்களை வைத்த பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்ட ஆவணத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்பது ஏன் என்பதும் அப்போது பிள்ளைக்கு விளங்கிவிடும்.

தட்டச்சைத் தனி மாதமாக ஒதுக்காமல், ஆண்டு முழுவதும் ஒவ்வொரு வகுப்பின் முதல் 15 நிமிடமாக வையுங்கள். ஆங்கிலத்தோடு தமிழையும் கட்டாயம் சேருங்கள். தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்திருப்பதால் விரல்கள் சீராக மாறி மாறி இயங்குகின்றன. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகளே போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதன் மேல் புள்ளி தானாக விழுந்துவிடும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறைக்குப் பழகிய பிள்ளை முதல் இரண்டு வாரம் முரண்டு பிடிக்கலாம், ஆனால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆவணம் எழுதும் பகுதிக்கு ஆறு வாரம் போதும். ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ அனுப்ப ஓர் உண்மையான விண்ணப்பக் கடிதமும், தலைப்புப் பாணிகளும் பக்க எண்ணும் பொருளடக்கமும் கொண்ட பத்துப் பக்கக் கட்டுரையும் முடித்தால் சரி. படவில்லைகளுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் செலவிட வேண்டாம்.

எக்செல் போல எண்களைக் கட்டங்களில் இட்டுக் கணக்கிடும் விரிதாளுக்குத்தான் நான் அதிக நேரம் கொடுத்தேன், எட்டு வாரம். கற்பனையான மதிப்பெண் பட்டியலைக் கொடுத்துக் கூட்டச் சொல்வதைவிட, வீட்டு மின் கட்டண அட்டையைக் கையில் கொடுங்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். அதன்பின் படிப்படியாக விகிதம் ஏறுகிறது. பழைய அளவீடு, புதிய அளவீடு, வித்தியாசம் ஆகியவற்றை நிரல்களில் இட்டு, நடப்பு விகிதங்களைத் தனி அட்டவணையாக வைத்து, தொகையைச் சூத்திரமே கணக்கிடும்படி அமைக்கச் சொல்லுங்கள். 'இப்படி இருந்தால் இது, இல்லையென்றால் அது' என்று கணக்கிடும் நிபந்தனைச் சூத்திரத்தின் தேவை இங்கே இயல்பாகவே எழும். 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கும் அதைத் தாண்டும் வீட்டுக்கும் படிநிலை விகிதங்கள் வேறுபடுவதால், 501ஆவது யூனிட்டில் தொகை சட்டென்று எகிறுவதை வரைபடத்தில் பார்த்த என் மகள், அன்று மாலையிலிருந்து மீட்டரைத் தானே போய்ப் படிக்கத் தொடங்கினாள். விகிதம் மாறும்போது ஒரே இடத்தில் திருத்தினால் போதும்படி தாள் இருக்கிறதா என்று பாருங்கள். சூத்திரத்துக்குள்ளேயே எண்ணைப் புதைத்திருந்தால் மீண்டும் செய்யச் சொல்லுங்கள்.

இணையப் பாதுகாப்பைக் கடைசிக்குத் தள்ளாமல், மின்னஞ்சல் கணக்கு தொடங்கும் நாளிலேயே ஆரம்பியுங்கள். நீளமான, கணக்குக்குக் கணக்கு வேறான கடவுச்சொல், கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு, ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாமை ஆகியவற்றை வாயால் சொன்னால் போதாது. உங்கள் கைபேசிக்கு வந்த மோசடிக் குறுஞ்செய்திகளைச் சேர்த்துவைத்து, எதனால் சந்தேகம் வர வேண்டும் என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு 'பின்' எனப்படும் ரகசிய எண் தேவையே இல்லை என்பதும், பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930 என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சான்றிதழ் வேண்டும் என்றால், என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்பில் தரவு உள்ளீட்டுப் பணிகள் என்ற பாடத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம். இதற்குச் செய்முறைத் தேர்வும் உண்டு. 14 வயது நிறைந்தவர்கள் சேரலாம், பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும் என்பதால் அவசரப்படத் தேவையில்லை. அந்தப் பாடநூலை முதல் வாரமே புரட்டிப் பார்த்து, மேலே சொன்ன வேலைகளில் அடங்காத பகுதிகளை மட்டும் கடைசி வாரங்களில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு முடிவில் வினாத்தாள் வேண்டாம். ஓர் உண்மையான இணைய விண்ணப்பத்தைக் கொடுங்கள். சான்றிதழை ஸ்கேன் செய்து, ஒளிப்படத்தைக் கேட்ட அளவான 50 கே.பி.க்குள் சுருக்கி, படிவத்தை நிரப்பி, ஒப்புகைச் சீட்டைப் பி.டி.எஃப். ஆகச் சரியான கோப்புறையில் சேமித்து, அச்செடுத்து உங்கள் கையில் தரும் வரை நீங்கள் பக்கத்து அறையிலேயே இருங்கள். அழைத்தாலும் போகாதீர்கள், கட்டணம் செலுத்தும் பொத்தானை அழுத்தும் முன் மட்டும் ஒருமுறை வந்து பாருங்கள்.