கிரோன் நோயும் மகனின் உயரமும்: என் அனுபவம்

கிரோன் நோய் (குடலில் நீண்ட நாள் நீடிக்கும் அழற்சி, அதாவது வீக்கமும் புண்ணும்) உள்ள பிள்ளை வளரவில்லை என்றால் "நல்லா சாப்பிட வை" என்பார்கள். சாப்பாடு பாதிக் காரணம்தான். குடலில் அழற்சி ஓயாதவரை அது வளர்ச்சி ஹார்மோனின் வேலையையே மட்டுப்படுத்தும். அழற்சியை அடக்கத் தரும் ஸ்டீராய்டு மருந்தை நீண்ட நாள் எடுத்தாலும் உயரம் தடைபடும்.

என் மகனுக்கு எடை ஏறவில்லை, உயரமும் நின்றுவிட்டது. மருத்துவர் சொன்ன வழி: 6 முதல் 8 வாரம் வழக்கமான சாப்பாடே கிடையாது, முழுச் சத்தும் அடங்கிய திரவ உணவு மட்டும். பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டுக்கு நிகராக அழற்சியை அடக்குமாம், வளர்ச்சியையும் கெடுக்காதாம்.

ஆரம்பத்தில் பெரும் பாடு. அந்த வாசனையே அவனுக்கு ஆகவில்லை. நன்றாகக் குளிரவைத்து, மூடி போட்ட டம்ளரில் ஸ்ட்ரா வைத்துக் கொடுத்தேன். மூக்குக்கு எட்டாததால் இறங்கியது. நாங்கள் அவன் கண்ணில் படாமல் சாப்பிட்டோம். எனக்கு அதுதான் கஷ்டம்.

முதலில் வயிற்றுவலி குறைந்தது, அப்புறம் எடை ஏறியது. உயரம் கடைசியில்தான். ரத்தத்தில் இரும்பும் வைட்டமின் டியும் குறைவு என்று தெரிந்து அவற்றையும் சேர்த்தார்கள். கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது (எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பது) அவன் வயதைவிடப் பின்தங்கியிருந்தது. வளர இன்னும் இடமிருக்கிறது என்று அதற்கு அர்த்தமாம். இப்போது சில மாதத்துக்கு ஒருமுறை செருப்பில்லாமல், ஒரே அளவுகோலில் உயரம் பார்த்துக் குறித்து வைக்கிறோம்.