எடை–சமநிலைக் கணக்கில் மாணவ விமானிகள் கோட்டை விடும் இடங்கள்

எடை–சமநிலைத் தாளில் இருப்பது கூட்டல், பெருக்கல், வகுத்தல் மட்டும்தான். எடையை ஆர்மால் (விமானத்தில் குறித்துவைத்த ஒரு கோட்டிலிருந்து அந்தச் சுமை இருக்கும் தூரத்தால்) பெருக்கினால் மொமென்ட். எல்லா மொமென்ட்டையும் கூட்டி மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம், அதாவது சி.ஜி. இந்தக் கணக்கில் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. கால்குலேட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பே, உள்ளே போடும் எண்ணில்தான் தவறு புகுந்துவிடுகிறது.

ஓர் உதாரணம். லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து செஸ்னா 172எஸ் ஒன்றில் நான்கு பேர் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். வெற்று எடை (ஆள், சாமான், ஏற்றிய எரிபொருள் எதுவும் இல்லாமல்) 1680 பவுண்டு, ஆர்ம் 39.5 அங்குலம். முன்னால் இருவர், 157 கிலோ. பின்னால் இருவர், 160 கிலோ. பின்பக்கச் சாமான் அறையில் 12 கிலோ பண்ருட்டிப் பலாப்பழமும் 8 கிலோ பையும். டாங்க் நிறைய ஆவ்காஸ் (விமானப் பெட்ரோல்), 53 கேலன். பவுண்டில் கூட்டினால் 1680 + 346 + 353 + 44 + 318 = 2741. அனுமதிக்கப்பட்ட உச்ச எடையோ 2550. ஆக 191 பவுண்டு அதிகம்.

இப்போது ஆட்களின் எடையைக் கிலோவிலேயே போட்டுவிட்டோம் என்று பாருங்கள். 699 பவுண்டு இருக்க வேண்டிய இடத்தில் 317 உட்காரும். மொத்தம் 2359. கூடுதலாக 191 பவுண்டு சுமக்கும் விமானத்துக்கு இன்னும் 191 பவுண்டு இடம் மிச்சம் இருப்பதாகத் தாள் சொல்லும்! நம் ஊரில் எடையைக் கிலோவில் சொல்கிறோம், பெட்ரோலை லிட்டரில் வாங்குகிறோம். செஸ்னா கையேடோ பவுண்டு, கேலன், அங்குலத்தில் பேசுகிறது. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, கிம்லியில் மிதந்தே வந்து இறங்கியதற்கும் இந்தக் குழப்பம்தான் காரணம்: லிட்டருக்கு 0.8 கிலோ என்று பெருக்குவதற்குப் பதிலாக, பவுண்டுக்கான 1.77-ஐக் கிலோ என்று எண்ணிப் பெருக்கிவிட்டார்கள். தாளில் ஒவ்வொரு நெடுவரிசையின் தலையிலும் அலகை எழுதிவிட்டுத்தான் எண்ணை எழுத வேண்டும். ஆவ்காஸ் லிட்டருக்கு 0.72 கிலோ, அமெரிக்க கேலனுக்கு 6 பவுண்டு. டீசல் இன்ஜின் கொண்ட டயமண்ட் நிறுவன விமானத்துக்கு மாறும்போது ஜெட் ஏ-1 எரிபொருள் வந்துவிடும், லிட்டருக்குச் சுமார் 0.8 கிலோ. நூறு லிட்டரில் 8 கிலோ வித்தியாசம்.

அடுத்தது, வெற்று எடையை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது. கையேட்டில் அச்சாகியிருக்கும் மாதிரிக் கணக்கின் எண்ணையோ, பக்கத்தில் நிற்கும் இன்னொரு 172-இன் எண்ணையோ போடுவது பெரிய தப்பு. ரேடியோ மாற்றினாலும் பெயின்ட் அடித்தாலும் எடை மாறும், ஆர்மும் மாறும். அந்தப் பதிவு எண்ணுக்குரிய கடைசி எடை அறிக்கைதான் செல்லும். அரை அங்குலம் என்ன செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். தலா 100 கிலோ கொண்ட இருவர் முன்னால், பின்னால் யாரும் இல்லை, டாங்க் நிறைய எரிபொருள்: மொத்தம் 2439 பவுண்டு, சி.ஜி. 40.16. அந்த எடைக்கு முன் எல்லை (சி.ஜி. முன்பக்கமாகப் போகக்கூடிய கடைசி இடம்) 39.89, மயிரிழையில் உள்ளே இருக்கிறது. வெற்று ஆர்ம் 39.5-க்குப் பதில் 39.0 ஆக இருந்தால் சி.ஜி. 39.81, எல்லைக்கு வெளியே.

முன் எல்லை ஒரே எண் அல்ல என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். 172எஸ்-இல் 1950 பவுண்டு வரை 35.0, அதன்பின் எடை ஏற ஏற நகர்ந்து 2550-இல் 41.0. பின் எல்லை மட்டும் 47.3-இல் நிற்கும். ஸ்பின் (சுழன்றபடியே கீழே இறங்குவது) பயிற்சிக்கு யூட்டிலிட்டி என்ற வகையின் எல்லை தனி: 2200 பவுண்டு, பின்னால் 40.5, பின் இருக்கை காலி.

சி.ஜி. முன்னால் போனால் ஃபிளேரில் (தரை தொடும் முன் மூக்கை உயர்த்தும்போது) மூக்கு தூக்காது, மூக்குச் சக்கரம் அடி வாங்கும். பின்னால் போவது இதைவிட மோசம். டிவிஎஸ் 50-இன் பின்னால் முந்திரி மூட்டையை ஏற்றினால் ஹேண்டில் லேசாகிவிடுமே, அப்படி எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) லேசாகும். ஸ்டாலில் (இறக்கை தூக்குவிசையை இழக்கும்போது) மூக்கு கீழே வர மறுக்கும். அமெரிக்காவில் 2003 ஜனவரி 8 அன்று சார்லட்டில் விழுந்த ஏர் மிட்வெஸ்ட் 5481-இல் எலிவேட்டர் கேபிள் தவறாகச் சரிசெய்யப்பட்டிருந்தது. சராசரிப் பயணி எடையை நம்பியதில் சி.ஜி.யும் பின் எல்லையைத் தாண்டியிருந்தது. இருந்த 21 பேரும் இறந்தார்கள். நான்கு பேர் ஏறும் விமானத்தில் சராசரி எடைக்கு வேலையே இல்லை. தராசில் நிற்கச் சொல்லுங்கள், ஷூவும் பையும் சேர்த்து.

புறப்படும் எடைக்கு மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவது இன்னொரு பழக்கம். எரிபொருள் தீரத் தீர சி.ஜி. நகரும். 172-இல் டாங்க் ஆர்ம் 48. அதனால் பெரும்பாலும் கொஞ்சம் முன்னால் வரும். சில விமானங்களில் பின்னால் போகும். இறங்கும் எடைக்கும் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

மே மாதக் கத்திரி வெயிலில் 38 டிகிரி என்றால் கடலோர ஓடுபாதையிலும் அடர்த்தி உயரம் (காற்று மெலிந்ததால் விமானம் பறப்பதுபோல் உணரும் உயரம்) சுமார் 2,700 அடி. எடை 10 சதவீதம் கூடினால் புறப்பாட்டு ஓட்டத் தூரம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடும். இரண்டும் ஒரே நாளில் சேர்ந்தே வரும்.

நம் உதாரணத்துக்கு மருந்து எரிபொருளைக் குறைப்பதுதான். 32 கேலன் குறைத்து 21 கேலனோடு போனால் 2549 பவுண்டு, சி.ஜி. 45.18, எல்லைக்குள். எவ்வளவு நேரம் பறக்கலாம், ரிசர்வ் (அவசரத்துக்கான கையிருப்பு எரிபொருள்) எவ்வளவு மிஞ்சும் என்பதை அந்த 21 கேலனிலிருந்தே கணக்கிட வேண்டும். கேஜை நம்பாமல் டாங்க்குக்குள் டிப்ஸ்டிக் (அளவுக் குச்சி) விட்டுப் பார்க்கவும். கடைசி நேரத்தில் பின் இருக்கை நண்பர் ஒருவர் வரவில்லை என்றால் 176 பவுண்டு கிடைக்கும், இன்னும் 29 கேலன் கூடுதலாக ஏற்றலாம். அப்போது பழைய தாளில் ஓரமாகத் திருத்தாமல் புதுத் தாளில் முதலிலிருந்து போட வேண்டும்: 2547 பவுண்டு, சி.ஜி. 43.45.