கேம்பர் டிரெய்லருக்கு விறகுக் கூடை: டிராபாரில் நாமே செய்து மாட்டுவது எப்படி

ஆஸ்திரேலியாவில் கேம்பர் டிரெய்லர் (விரித்தால் கூடாரமாகும் டிரெய்லர்) இழுத்துப் போகிறவர்கள் விறகை வைக்கிற இடங்கள் மூன்று: காரின் கூரை, டிரெய்லரின் பின்புறம், டிராபார் (டிரெய்லரின் முன்னால் V வடிவில் நீண்டு காரோடு இணையும் சட்டம்). கூடை செய்வது ஒரு நாள் வேலை. எங்கே மாட்டுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதை முதலில் முடித்துவிட்டு இரும்பு வாங்கப் போவோம்.

கணக்கு முதலில்

இங்கே சொல்லும் கூடையில் காய்ந்த ரிவர் ரெட் கம் விறகு சுமார் 50 கிலோ பிடிக்கும். அந்த மரம் கன மீட்டருக்கு ஏறத்தாழ 900 கிலோ. அடுக்கும்போது நாற்பது சதவீதம் இடைவெளியாகப் போய்விடும். கூடை 20 கிலோ, ஆக 70 கிலோ.

கப்ளிங்கிலிருந்து (டிராபாரின் முன்முனை இணைப்பு) சக்கர அச்சு 3.6 மீட்டர், கூடையின் நடுப்பகுதி 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டோபாலில் (காரின் பின்னால் கப்ளிங் உட்காரும் குண்டு) கூடும் எடை: 70 × (3.6 − 1.2) ÷ 3.6, அதாவது 47 கிலோ. அதே கூடையை அச்சுக்குப் பின்னால் 1.8 மீட்டரில் மாட்டினால் டோபாலில் 35 கிலோ குறையும். 1,200 கிலோ டிரெய்லரில் டோபால் எடை 120 கிலோ இருந்தது 85 ஆகிவிடும். டிரெய்லர் எடையில் பத்து சதவீதம் என்ற வழக்கமான அளவு, கூடையோடு 1,270 கிலோ ஆகிவிட்டதால், ஏழுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிப்பது இப்படித்தான். அதனால் பின்புறம் வேண்டாம் என்பதே என் கட்சி. பின்பக்கமாக விரியும் கூடாரம் என்றால் கூடை அங்கே குறுக்கே நிற்கும் என்பது தனி.

முன்னால் மாட்டினாலும் பார்க்க வேண்டியவை உண்டு. காரின் டோபார் (டோபாலைத் தாங்கும் சட்டம்) தகட்டில் உள்ள அதிகபட்ச டோபால் எடையைத் தாண்டக் கூடாது. அந்த எடை காரின் சுமைக் கணக்கிலும் சேரும். டிரெய்லர் தகட்டில் உள்ள ஏடிஎம் (பணம் தருகிற ஏடிஎம் அல்ல, டிரெய்லரின் மொத்த அனுமதி எடை) கூடையையும் விறகையும் சேர்த்துத்தான்.

இடத்தைக் குறிப்பது

டோபாலின் நடுவிலிருந்து காரின் பின் பம்பர் மூலைவரை டேப் பிடித்து அளந்து, 75 மி.மீ. கூட்டுங்கள். டோபாலை மையமாக வைத்து அந்த அளவுக்கு ஒரு வட்டம் போட்டால், கூடையின் எந்த மூலையும் அதற்குள் வரக் கூடாது. வந்தால் ரிவர்ஸில் ஒடித்துத் திருப்பும்போது பம்பர் கூடையில் மோதும். பின்கதவைத் திறந்தும் ஒருமுறை பாருங்கள். ஜாக்கி வீல் (டிராபாரைத் தாங்கும் சிறு சக்கரம்) மடங்கும் இடம், கைபிரேக் நெம்பு, கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டர், மூன்றுக்கும் இடம் விட்டுவிடுங்கள். முன்பக்கமாக விரியும் கேம்பர் என்றால், விரித்து வைத்துவிட்டு டிராபாருக்கு மேல் எவ்வளவு உயரம் மிஞ்சுகிறது என்று அளந்த பிறகே கூடையின் உயரத்தை முடிவு செய்யுங்கள்.

பொருட்கள்

- 40×40×2.5 சதுரக் குழாய்: 1,100 மி.மீ. ஒன்று, 1,400 மி.மீ. ஒன்று (குறுக்குச் சட்டங்கள்)
- 25×25×2 சதுரக் குழாய்: 280 மி.மீ. மூன்று, 350 மி.மீ. நான்கு, 310 மி.மீ. இரண்டு, 850 மி.மீ. ஒன்று. 4 மீட்டர் போதும்
- 100×120×6 மேல் தகடு நான்கு, 100×50×6 அடித் தகடு நான்கு
- எம்10 × 140 போல்ட் எட்டு (8.8 தரம்), நைலாக் நட் (தளராத நட்), வாஷர்
- 50 மி.மீ. கண் உள்ள வெல்ட் மெஷ் ஒரு சதுர மீட்டர்

டிராபார் 100×50 குழாயாகவும், இரு கைகளுக்கும் இடையே 50 டிகிரியாகவும் இருக்கும் என்று எடுத்துக்கொண்ட அளவு இது. உங்களுடையது வேறானால் குறுக்குச் சட்டத்தின் நீளம் மாறும். கைகள் பின்னே போகப் போக அகல்வதால்தான் பின் சட்டம் 300 மி.மீ. நீளம் கூடுதல்.

கூடை

இரண்டு சட்டங்களையும் நடுக்கோடு பொருந்த இணையாக வைத்து, இடையில் 280 துண்டுகள் மூன்று. வெளி ஓரத்திலிருந்து ஓரம் 360 வரும். நடுவில் 900 மி.மீ. அகலத்துக்கு நான்கு கால்கள், பக்கத்துக்கு ஒன்றாக 310, முன்பக்கம் 850. முதலில் டேக் (சின்னப் பொட்டு வெல்டிங்) மட்டும் வையுங்கள். மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று அளந்த பிறகு முழு வெல்டிங். 2 மி.மீ. குழாய்க்கு 2.5 மி.மீ. வெல்டிங் ராடு வேண்டாம், ஓட்டை விழும், 2.0 ராடு வாங்குங்கள். கால்வனைஸ் குழாய் என்றால் பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகத்தைக் கிரைண்டரில் உரித்துவிட வேண்டும். அந்தப் புகை காய்ச்சல் கொண்டுவரும்.

மூடிய பக்கம் காரைப் பார்க்கட்டும், திறந்த பக்கம் டிரெய்லரைப் பார்க்கட்டும். பிரேக் அடித்தால் விறகு முன்னால்தான் வரும். மெஷ் தரையிலும், முன்பக்கத்திலும், இரு ஓரங்களிலும்.

கிளாம்ப்: இங்கேதான் நிதானம்

டிராபாரில் நேராகப் பற்றவைக்காதீர்கள். குறுக்கே ஓடும் வெல்டிங் பக்கத்தில்தான் கரடுமுரடான மண் சாலையில் விரிசல் தொடங்கும். துளையும் போட வேண்டாம்.

டிராபார் கை சாய்வாகப் போகிறது, குறுக்குச் சட்டம் நேராகப் போகிறது. இரண்டுக்கும் இடையே 25 டிகிரி. சட்டத்துக்கு நேராகத் துளையிட்டால் ஒரு போல்ட் கையின் உடம்பிலேயே இடிக்கும். தகட்டைக் கைக்கு நேராகத் திருப்பினால் போல்ட்டின் தலை சட்டத்துக்கு அடியில் போய் ஸ்பேனர் நுழையாது. அதனால்தான் மேல் தகடு 120 மி.மீ. நீளம்: ஒரு முனையில் சட்டம் உட்காரும், மறு முனையில் இரண்டு போல்ட்டும்.

ஓரத்திலிருந்து 25 மி.மீ. தள்ளி, நடுவுக்கு நடு 66 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளை. 10.5 அல்ல, 12 மி.மீ. போடுங்கள், வெல்டிங்கில் தகடு கொஞ்சம் இழுக்கும். நான்கு தகட்டையும் டிராபாரில் இறுக்கி, கூடையைத் தூக்கி வைத்து, சட்டத்தின் இரு ஓரமும் தகட்டில் மார்க்கரால் கோடு போட்டு 1, 2, 3, 4 என்று எண் எழுதுங்கள். பிறகு கழற்றி மேசையில் பற்றவையுங்கள். எண் எழுதாவிட்டால் இடது, வலது குழம்பும், சாய்வு எதிரெதிர். டிரெய்லரில் வைத்தே பற்றவைத்தால் மின்சாரம் வீல் பேரிங் வழியாகவும் ஓடலாம், பிரேக் வயரிங்கும் கெடலாம்.

அடித் தகடு கைபிரேக் கேபிளையோ லைட் வயரையோ நசுக்காமல் பாருங்கள். இடையில் ரப்பர் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. ரப்பர் அமுங்கி போல்ட் தளர்ந்துவிடும். இரண்டு கோட் துத்தநாகப் பெயின்ட் போதும். டார்க் ரெஞ்ச் இருந்தால் 40 நியூட்டன் மீட்டர். 50 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்குங்கள்.

ஏற்றுவது

400 மி.மீ. நீளத் துண்டுகள் இரண்டு வரிசையாக உட்காரும். பெரியது கீழே. மேலே 25 மி.மீ. ராட்செட் பட்டை இரண்டு, குறுக்காக. விறகு குலுங்கி அமரும், பட்டை தளரும், 20 கி.மீ.யில் நிறுத்தி இறுக்குங்கள். கையுறை இல்லாமல் விறகை எடுக்காதீர்கள், நஞ்சுள்ள ரெட்பேக் சிலந்திக்கு இப்படிப்பட்ட இடுக்குகள் பிடிக்கும்.

வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு ஓட வேண்டாம். முகாமுக்கு முன் கடைசி ஊரில் வாங்கினால் வழி முழுக்க 50 கிலோ மிச்சம். குயின்ஸ்லாந்து தேசியப் பூங்காக்களில் விறகு பொறுக்கத் தடை. சுத்தமான அறுத்த மரத்துண்டுகளைக் கொண்டுபோக வேண்டும்.

பின்சேர்க்கை 1: அந்த அறுத்த துண்டுகளில் பச்சைச் சாயல் தெரிந்தால் கூடையில் ஏற்றாதீர்கள். மருந்தேற்றிய பைன் அது. அதில் ஆர்சனிக் இருக்கலாம், புகையும் சாம்பலும் நஞ்சு.

பின்சேர்க்கை 2: டோபால் எடையைப் பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை. சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கப்ளிங் காரில் இருக்கும் அதே உயரத்துக்கு ஒரு மரத்துண்டு வெட்டி, 200 கிலோ தாங்கும் எடைக்கருவி மேல் நிறுத்தி, ஜாக்கி வீலை மெல்ல மேலேற்றுங்கள். கூடை நிரம்பி ஒரு தடவை, காலியாக ஒரு தடவை.