சின்ன ஃப்ளாட்டில் துணி கப்போர்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் 600, 700 சதுர அடி ஃப்ளாட்டுகளில் துணி கப்போர்டைச் சீர்செய்து கொடுப்பது என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும், சொந்தமாகச் செய்து பார்ப்பவர்களும் அதே பழைய இடங்களில்தான் சறுக்குகிறார்கள். உடுத்தாததைக் கழிப்பது, ஒரே அளவாக மடிப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

டப்பாக்களை முதலில் வாங்குவது

டேப் எடுத்து அளக்கும் முன் கடைக்குப் போகாதீர்கள்.

சுவரைப் பார்க்காமல் அடுக்குவது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். பல ஃப்ளாட்டுகளில் படுக்கையறைக் கப்போர்டுக்குப் பின்னால் இருப்பது பாத்ரூம் சுவர். டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கிரவுட் பூச்சு உதிர்ந்திருந்தாலோ, உள்ளே போகும் பைப் கசிந்தாலோ ஈரம் இந்தப் பக்கம் இறங்கிவிடும். பின்பலகையே போடாமல் சுவருக்குப் பெயின்ட் மட்டும் அடித்து விட்ட கப்போர்டுகளும் உண்டு. துணியை நெருக்கி அடுக்கிவிட்டால் எதுவும் கண்ணில் படாது.

வேளச்சேரியில் ஒரு வீடு. கல்யாணமாகி வந்த பெண் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து அடுக்கியிருந்தார். முகூர்த்தப் புடவை கீழ்த்தட்டில், கடையில் கொடுத்த அதே பிளாஸ்டிக் கவரில். ஐப்பசி மழை கழிந்து ஒரு விசேஷத்துக்கு எடுத்தால், மடிப்பு நெடுக வெள்ளையாகப் பூசணம். பார்டரில் ஜரிகை கறுத்திருந்தது. “ஒரே ஒரு தடவைதான் கட்டினேன் அக்கா” என்றார். அசல் ஜரிகை பட்டு நூலில் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. வெள்ளி கறுக்கும் இயல்புடையது, ஈரம் அதை வேகப்படுத்தும். கவருக்குள் சிக்கிய ஈரம் வெளியேற வழியே இல்லை.

அந்த வீட்டில் தட்டுக்குத் தட்டு ஈரம் உறிஞ்சும் டப்பாவும் இருந்தது. அதை வைத்தால் போதும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சுவரே தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு டப்பா எவ்வளவுதான் உறிஞ்சும்?

கப்போர்டைக் காலி செய்ததும் ஒரு முழம் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் துளி கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் என்றால் அறைக்காற்றின் ஈரம், கதவைத் திறந்து காற்றாட விட்டாலே பெரும்பாலும் குறையும். சுவர் ஈரம் என்றால் முதலில் பாத்ரூம் பக்கம் சரியாக வேண்டும். இந்தப் பக்கம் மட்டும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் உப்புப் பூத்து உதிர்ந்துவிடும். சுவர் நன்றாகக் காயும்வரை அந்தத் தட்டில் எவர்சில்வர் பாத்திரம் வையுங்கள், துணி வேண்டாம். அப்புறம் சுவரில் ரீப்பர் என்ற மெல்லிய மரச்சட்டம் அடித்து, ஓர் அங்குலம் தள்ளி, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டில் பின்பலகை போடச் சொல்லுங்கள். வாடகை வீடு என்றால் பீரோவைக் கட்டையில் ஏற்றி, சுவரை விட்டு நாலு விரல் தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பட்டுக்குத் துவைத்த பருத்தித் துணிதான் உறை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் காற்றாடப் போட்டு மடிப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மடிப்பிலேயே இழை விட்டுப்போகும்.

ஆழமான தட்டில் இரண்டு வரிசை

கப்போர்டை 22 முதல் 24 அங்குல ஆழத்துக்குச் செய்வது ஹேங்கருக்காக. மடித்த சட்டைக்கு 14 அங்குலம் போதும். மிச்சத்தில் இன்னொரு வரிசை வைத்தால், பின்னால் இருப்பதை எடுக்க முன்வரிசை கலையும், ஒரே வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். தட்டின் முழு ஆழத்துக்கும் நீளமான டிரே போடுங்கள். இழுத்தால் பின்னால் உள்ளதும் சேர்ந்தே வரும்.

லாஃப்ட்

ஸ்டூல் போட்டு ஏற வேண்டிய இடத்தில் அன்றாடத் துணி வேண்டாம்.

அந்துருண்டை

துணி மேல் நேராகப் போடாதீர்கள். கற்பூரத்தோடு சேர்த்தும் வைக்காதீர்கள், இரண்டும் ஒன்றுபட்டால் உருகிக் கறை பிடிக்கும். வசம்பையோ காய்ந்த வேப்பிலையையோ துணியில் முடிந்து வைத்தால் போதும். கைக்குழந்தையின் துணி இருக்கும் கப்போர்டில் அந்துருண்டை கூடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு, அந்துருண்டையில் உள்ள நாஃப்தலீனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் குறைபாடு பார்த்தால் தெரியாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.