அடைக்கு வைக்கும் முட்டை கைமாறும்போது நடக்கும் தவறுகள்

"அக்கா, நீங்க தந்த முட்டை பூரா கூமுட்டையாட்டுல்லா இருக்கு!"

மார்த்தாண்டம் பக்கம் கோழி வளர்க்கும் ஒரு அக்காவிடம் நான் போனில் இப்படிக் கத்தியது இன்றும் உறுத்துகிறது. பெருவிடை என்னும் நாட்டுக்கோழி முட்டை பன்னிரண்டு வாங்கி அடைக்கு வைத்திருந்தேன். பத்தாம் நாள் டார்ச் அடித்தபோது ஒன்றிலும் நரம்பு ஓடவில்லை. "ஒவ்வொண்ணா ஒடச்சுப் பாருங்க தம்பி" என்றார் அவர், நிதானமாக. உடைத்தால், ஒன்பது முட்டையில் மஞ்சள் கருவைச் சுற்றி நூல் கட்டினாற்போல ரத்த வளையம். சேவல் மிதிக்காத முட்டையில் அது வரவே வராது. கரு பிடித்து, சில நாள் வளர்ந்து, செத்திருக்கிறது. அடைக்கோழி கிடைக்கும்வரை எட்டு நாள் அந்த முட்டைகளை அடுப்புக்கு மேலே தட்டில் வைத்திருந்தவன் நான்தான்.

நம் குமரி மாவட்டத்தில் அதிகம் நடக்கும் தவறும் இந்தச் சூடுதான். முட்டைக்குள் இருக்கும் கரு சுமார் 21 டிகிரிக்கு மேல் போனாலே மெல்ல அசையத் தொடங்கிவிடும். அடைச்சூடான 37.5 டிகிரி கிடைக்காமல் அரைகுறையாக வளர்ந்து நலிந்துபோகும். நம்மூரில் மழை நாளில்கூட வீட்டுக்குள் அவ்வளவு குளிர்ச்சி இருப்பதில்லை. அதற்காக ஃபிரிட்ஜில் வைப்பதும் தவறு. அந்த 4 டிகிரி குளிர் கருவுக்கு ஆகாது, வெளியே எடுத்ததும் ஓடு வேர்த்துக் கிருமியை உள்ளே இழுக்கும். 15 முதல் 18 டிகிரிதான் சரியான அளவு. அதை நெருங்க, அகன்ற மண்பானையில் ஈரமணல் பரப்பி, மேலே உலர்ந்த சாக்கு விரித்து, கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளை வையுங்கள். பானையை நிழலில் வைத்துப் பருத்தித் துணியால் மூடிவிடலாம். அப்படியும் ஏழு நாளுக்கு மேல் வேண்டாம். சாதாரண அறையில் என்றால் நான்கைந்து நாளே என் கணக்கு.

ஆகவே வாங்குகிறவர் விலைக்கு முன்பு கேட்க வேண்டியது, இட்ட தேதி. கொடுக்கிறவர் அதை ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் எழுதித் தர வேண்டும்.

அடுத்தது பயணம். குலசேகரத்தில் வாங்கி, பைக்கில் தொங்கவிட்டு, குண்டும் குழியுமான சாலையில் நாகர்கோவில் வந்து, வந்த கையோடு கோழிக்கடியில் வைத்துவிடுகிறோம். குலுங்கிய முட்டையில், அகன்ற முனையில் இருக்கும் காற்றறை இடம் பெயர்ந்திருக்கும். அகன்ற முனை மேலே இருக்கும்படி 12 முதல் 24 மணி நேரம் அசையாமல் வைத்தால் பெரும்பாலும் நிலைக்கு வந்துவிடும். உமியில் புதைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவதே நல்லது.

கொடுக்கிறவர் பக்கமும் தவறு உண்டு. அசீல் என்னும் சண்டைக்கோழி இனத்துப் புதுச் சேவலை விட்டு, அடுத்த வாரமே அசீல் முட்டை என்று விற்கக் கூடாது. பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேலும் தங்கும். மூன்று வாரம் பொறுக்க வேண்டும். ஹைதராபாத்தில் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா கோழிகள் கலப்பினம். அவற்றின் முட்டையில் வரும் குஞ்சு தாயைப்போல முட்டையிடும் என்று வாக்குக் கொடுப்பது தப்பு.

இங்கே ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். கூடு சேறாகும்போது முட்டையைக் கழுவித் துடைத்து விற்கிறார்கள். கழுவினால் ஓட்டின் மேலிருக்கும் காப்புப் படலம் போய்விடும். அழுக்கு முட்டை சமையலுக்கு, சுத்தமானது மட்டும் அடைக்கு. கூட்டில் காய்ந்த உமி போட்டு, நாளுக்கு இரண்டு மூன்று தடவை முட்டை எடுத்தால் இந்தச் சிக்கலே பெருமளவு குறையும்.

உருண்டை முட்டை பெட்டை, கூர்முட்டை சேவல் என்று பிரித்து விலை சொன்னால் நம்ப வேண்டாம். வடிவத்துக்கும் பாலினத்துக்கும் தொடர்பே இல்லை.

நோயை மட்டும் லேசாக எடுக்காதீர்கள். புல்லோரம் (குஞ்சுகளைக் கொல்லும் கழிச்சல்), மைக்கோபிளாஸ்மா (சளி, மூச்சுத் தொல்லை) என்ற நோய்கள் இரண்டும் முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகும். தேறி நடமாடும் தாய்க்கோழியிலும் அவை தங்கியிருக்கும். முடிந்தால் நேரில் போய்க் கோழிக்கூட்டத்தைப் பாருங்கள். பழைய அட்டைத் தட்டில் வாங்காதீர்கள். 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் பகுதியில் பறவைக் காய்ச்சல் வந்தது. அப்படிச் செய்தி வரும் நாட்களில் கேரள எல்லையான களியக்காவிளை தாண்டி முட்டை கொண்டுவருவதை அடியோடு நிறுத்திவிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சண்டை வருவது ஒரே இடத்தில்: பொரிக்கவில்லை என்றால் யார் பொறுப்பு? கரு பிடித்திருப்பதற்கு மட்டும் கொடுத்தவர் பொறுப்பு, அதற்குப் பிறகு வாங்கியவர் பாடு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கொடுக்கிறவர் வாரம் ஒரு முறை ஆம்லெட்டுக்கு உடைக்கும் முட்டையைக் கவனித்தாலே போதும். மஞ்சள் கருவின் மேல் நான்கு மில்லிமீட்டர் அளவில் வளையம் தெரிந்தால் கரு உண்டு. சிறிய வெள்ளைப் புள்ளி மட்டும் என்றால் இல்லை. வாங்கியவர் ஏழாம் நாள் இருட்டறையில் போன் டார்ச்சின் மேல் முட்டையை வைத்துப் பார்க்கலாம். சிலந்தி கால் விரித்ததுபோல் சிவப்பு நரம்புகள் தெரிய வேண்டும்.

இப்போதும் அந்த அக்காவிடம்தான் வாங்குகிறேன். ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படங்களை அனுப்பிவிடுவேன். கரு பிடிக்காத முட்டை எத்தனையோ, அத்தனை முட்டை அடுத்த தடவை கூடுதலாக வரும்.