நாலு கம்ப்யூட்டருக்கும் ஒரே வாடிக்கையாளர் பட்டியல்

சென்னிமலையில் சித்தப்பாவுக்குப் போர்வை மொத்த வியாபாரம். பாலக்காட்டுப் பார்ட்டி ஒருவர் குடோன் மாற்றியது பில் போடும் அக்காவுக்குத் தெரியும், பேல் கட்டி அனுப்புகிறவருக்குத் தெரியாது. சரக்கு பழைய முகவரிக்குப் போய், லாரி வாடகை இரண்டு தடவை ஆனது. "ஏங்கண்ணு, இத்தன கம்ப்யூட்டர் இருந்து என்ன பிரயோசனம்?" என்றார். அதன்பிறகு, விவரங்களைப் பட்டியலாகச் சேர்த்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற மென்பொருளில் நான் செய்து கொடுத்ததுதான் இது.

நாலில் நல்ல கம்ப்யூட்டர் ஒன்றை, பட்டியலை வைக்கும் சர்வராக ஒதுக்குங்கள். விண்டோஸ் போதும். அது தானாகத் தூங்கிப் போகாதபடி ஸ்லீப்பை அணைத்து, யூபிஎஸ் மாட்டுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் கெட்டுவிடலாம். வைஃபை நடுவில் அறுந்தாலும் இதே கதிதான். அதனால் அது வேண்டாம், நாலுக்கும் கேபிள் இழுங்கள்.

சர்வரில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து, எல்லோருக்கும் படிக்க, எழுத, அழிக்க உரிமை கொடுங்கள். படிக்க மட்டும் கொடுத்தால் ஆகாது. யாராவது திறந்ததும் ஆக்சஸ் பக்கத்திலேயே ஒரு லாக் ஃபைல் உண்டாக்கும், கடைசி ஆள் மூடும்போது அதை அழிக்கும்.

இனி டேபிள். பெயர், கடை, ஊர், முகவரி, போன், ஜிஎஸ்டி எண். புதியவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் போன் நம்பர்தான். நம்பர் என்பதால் 'நம்பர்' வகையையே கொடுத்துவிடுவார்கள். அதன் வழக்கமான அளவு 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சத்தோடு நின்றுவிடும். நம்ம மொபைல் எண்கள் 6-இல் தொடங்கினாலே 600 கோடிக்கு மேல்! 'ஷார்ட் டெக்ஸ்ட்' கொடுங்கள், முன்னால் வரும் பூஜ்யமும் தப்பிக்கும். அதே இடத்தில் 'இண்டெக்ஸ்டு' என்பதை 'நோ டூப்ளிகேட்ஸ்' ஆக்கினால் ஒரே எண் இரண்டு முறை ஏறாது. ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. முதல் இரண்டும் மாநிலம்: நமக்கு 33, கேரளாவுக்கு 32, கர்நாடகாவுக்கு 29. வெளிமாநிலப் பார்ட்டிகளைப் பிரித்தெடுக்க இதுவே போதும்.

விவரம் ஏற்ற ஒரு ஃபார்ம் செய்து, ஆப்ஷன்ஸில் 'டிஸ்பிளே ஃபார்ம்' ஆக, அதாவது ஃபைலைத் திறந்ததும் தானாக வருவதாக, வையுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

அப்புறம் டேபிளையும் ஃபார்மையும் இரண்டு ஃபைலாகப் பிரிக்கிற வேலை. முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, 'டேட்டாபேஸ் டூல்ஸ்' பட்டையில் 'ஆக்சஸ் டேட்டாபேஸ்' பட்டனை அழுத்துங்கள். ஃபைலை எங்கே வைக்க என்று கேட்கும்போது இசட் டிரைவ், ஒய் டிரைவ் என்று காட்டாமல், இரண்டு பேக்ஸ்லாஷ் போட்டுச் சர்வர் பெயரையும் ஃபோல்டர் பெயரையும் தட்டுங்கள். டிரைவ் எழுத்து ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் வேறாக இருக்கும், இணைப்பு அறுந்துவிடும். இப்போது டேபிள்கள் சர்வருக்குப் போய்விட்டன, உங்களிடம் இருப்பது ஃபார்ம் உள்ள முன்பக்க ஃபைல்.

அந்த முன்பக்க ஃபைலை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனித்தனியாக நகல் வையுங்கள். ஒன்றையே எல்லோரும் சர்வரிலிருந்து திறப்பது கெட்டுப்போவதற்கு நல்ல வழி. எல்லாவற்றுக்கும் ஆக்சஸ் வாங்கத் தேவையில்லை, இலவச ஆக்சஸ் ரன்டைம் போதும். அதில் டேபிள் பட்டியல் தெரியாது, 'டிஸ்பிளே ஃபார்ம்' ஆக வைத்தது மட்டும்தான் வரும். அதனால்தான் முன்பே அப்படி வைக்கச் சொன்னேன்.

ஆக்சஸ் ஃபைல் 2 ஜிபி வரை தாங்கும். பெயரும் முகவரியும் மட்டும் வைத்தால் நம்ம கடைக்கு அது தாராளம். விசிட்டிங் கார்டு போட்டோவையெல்லாம் உள்ளே திணிக்காதீர்கள்.

ஈரோட்டுச் சந்தை செவ்வாயோடு ஓய்வதால் புதன் காலையில், யாரும் திறக்கும் முன், சித்தப்பாவே சர்வர் ஃபைலைப் பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்கிறார். லாக் ஃபைல் தெரிந்தால் மட்டும் "யாருங்க உள்ள இருக்கறது?" என்று ஒரு சத்தம் போடுவார்.